பாக்கியக்கா ரூமுல வைக்காத கப்பு

அந்தக் கப்ப எடுத்துக் கையில வச்சுப் பாருங்க, தம்பிங்களா, தங்கச்சிங்களா. நாசி லெமாக் கடையில சம்பல் போட்டுக் குடுப்பாங்களே சின்ன டப்பா, அந்த சைஸுதான். கறுப்பு பிளாஸ்டிக்கு. உள்ள நகத்துண்டு அளவுக்கு ஒரு பிலிம். இது ஒரு வீட்டுல மூணு மாசம் சும்மா உக்காந்திருக்கும். சத்தம் போடாது, லைட்டு எரியாது, கரண்டு குடிக்காது. கல்யாணம் ஆன புதுசுல நான் மாமனார் வீட்டுல உக்காந்திருந்த மாதிரி. ஒரே வித்தியாசம், இது மூணு மாசம் கழிச்சு ஏதாச்சும் ஒன்னக் கண்டுபிடிச்சுச் சொல்லும்.

என்னைய எதுக்கு உங்ககிட்ட பேசச் சொன்னாங்கன்னு தெரியல. நீங்கல்லாம் டிகிரி முடிச்சிட்டு இந்த வேலைக்குப் புதுசா வந்தவங்க. நான் மூணாம் வகுப்பு, அதையும் ரெண்டு தடவ படிச்சவன். சுங்கை லாலாங் பக்கம் ரப்பர் தோட்டத்துல பால்மரம் வெட்டுனேன். அப்புறம் லோரி ஓட்டுனேன். கடைசியில இந்த டீமுக்கு வேன் ஓட்ட வந்தேன். எங்க மேடம் ஒரு வீட்டுக்குள்ள போனா ஜனங்க வாயத் திறக்க மாட்டாங்க. நான் போனா மூட மாட்டாங்க. அதனால கப்பு வைக்கிற வேலையையும் எங்கிட்டயே குடுத்துட்டாங்க. என் குவாலிபிகேஷன் அவ்வளவுதான்லா.

மேடம்னா எங்க டீமுக்குப் பெரியவங்க. கோலாலம்பூர்க்காரங்க, பெரிய படிப்பு. இந்தக் கப்பு புடிக்கிற ராடோன் வாயுன்னா என்னான்னு எனக்கு ஒரு மணி நேரம் விளக்குனாங்க. நான் தலைய ஆட்டிட்டு வெளிய வந்து என் பாஷையில மாத்திக்கிட்டேன். ஜனங்ககிட்ட இப்படித்தான் சொல்வேன்: "ஜெராய் மலைக்கு அடியில பூரா கருங்கல்லு. அந்தக் கல்லுக்குள்ளேருந்து பூமி மெல்ல குசு விடுது. ஆனா நாத்தம் கெடையாது, அதான் ஆபத்து. வீடு தொறந்து கெடந்தா அது பாட்டுக்கு வெளிய போயிரும். மூடி வச்சா உள்ளயே சேரும். அத வருஷக்கணக்கா இழுத்துக்கிட்டே இருந்தா நுரையீரல்ல புத்துநோய் வர வாய்ப்பு கூடிரும். சிகரெட் புடிக்கிறவனுக்கு இன்னும் மோசம்."

குசுன்னு சொன்ன உடனே சிரிப்பாங்க. சிரிச்சா உள்ள விட்டுருவாங்க. பீடோங்ல முஸ்லிம் நானா ஒருத்தரு, சாப்பாட்டுக் கடை வச்சிருக்கிறவரு, சிரிச்சு முடிச்சிட்டு தே தாரிக், அதான் நொரை பொங்க ஆத்துன டீயே போட்டுக் குடுத்தாரு. இன்னொரு வீட்டுல அந்தக் கப்புக்கு குங்குமப் பொட்டு வச்சு சாமி மேடையில ஏத்திட்டாங்க. மூணு மாசம் கழிச்சுப் போனா அதுக்கு ஊதுபத்தி காட்டிக்கிட்டு இருக்காங்க. ஒரு அக்கா அழுக்கா இருக்குன்னு சோப்புப் போட்டுக் கழுவி வெயில்ல காய வச்சிருந்திச்சி. இதெல்லாம் சின்ன விஷயம். அந்தக் கப்ப எறிஞ்சிட்டு வேற வச்சா சரியாப் போச்சு.

நான் பண்ணுனது அப்படிக் கிடையாது. அதச் சொல்லத்தான் வந்தேன்.

செமிலிங்ல, மலை அடிவாரத்தப் பாத்து ஒரு வரிசை வீடு இருக்கு. தோட்டத்த வித்தப்போ லயத்துலேருந்து வந்தவங்க நிறைய பேரு அங்கதான் இருக்காங்க. லயத்துல இருக்கும்போது இந்தக் கப்புக்கெல்லாம் அவசியமே இல்ல. பலகைக்கும் பலகைக்கும் நடுவுல விரலு போகும். பக்கத்து வீட்டுச் சண்டையே உள்ள வரும், காத்து வராதா. இப்ப சிமெண்டு வீடு. தரையில சிமெண்டு, சுவத்துல சிமெண்டு, ஜன்னலுக்கு கண்ணாடி.

அந்த வரிசையில கடைசி வீடு பாக்கியக்காவோடது. அறுபது வயசு இருக்கும். வீட்டுக்காரரு போயி ரொம்ப நாளாச்சு. ஒரே பையன், சரவணன், சிங்கப்பூர்ல கப்பல் பட்டறையில வேலை. அக்கா தனியாத்தான் இருந்தாங்க. அரசாங்க வெல்ஃபேர்லேருந்து மாசா மாசம் ஏதோ உதவி வரும்.

நாங்க வேன்ல போயி இறங்குனோம். மேடம் பக்கத்து வீட்டுக்குப் போயிட்டாங்க, நான் அக்கா வீட்டுக்குப் போனேன். வாசக்கதவு, பின்கதவு, ஹால் ஜன்னலு எல்லாம் பப்பரப்பான்னு தொறந்து கெடக்கு. ஆபிசுலேருந்து ஆள் வருதுன்னு காலையிலயே கூட்டிப் பெருக்கி, சாம்பிராணி போட்டு வச்சிருக்காங்க. உக்கார வச்சு வரக்கோப்பி குடுத்தாங்க, பிஸ்கட்டு குடுத்தாங்க. நான் என் குசுக் கதையச் சொன்னேன். அக்கா முந்தானையால வாய மூடிக்கிட்டு சிரிச்சாங்க. அப்புறம் போராங்க, அதான் நம்ம ஃபாரத்த எடுத்து கேள்வி கேட்டேன். நமக்கு முக்கியமான கேள்வி ஒன்னுதான். இந்த வீட்டுல ஆளு எந்த ரூமுல படுக்குது.

"இங்கதான் தம்பி, ஹால்லதான் பாய விரிச்சுப் படுத்துக்குவேன்."

"அந்த ரூமு?"

"அது ஸ்டோரு. சாமான் கெடக்கு."

அந்த ரூமு கதவு சாத்தி இருந்திச்சி, மேல ஒரு பூப்போட்ட திரை. நான் கப்ப எடுத்து ஹால்ல அலமாரி மேல வச்சேன். அப்புறம் கை கழுவ பின்பக்கம் போனேன். அங்க சுவத்துல ஏர்கோன், அதான் ஏசி, அதோட வெளிப்பெட்டி. ஒரு பழைய கோணிச்சாக்கப் போட்டு அத மூடி வச்சிருக்காங்க. ஆனா சாக்குக்குக் கீழ குழாயிலேருந்து தண்ணி சொட்டிக்கிட்டு இருக்கு. தரையில ஈரம், பக்கத்துல ரெண்டு கீரைச் செடி செழிப்பா வளந்து நிக்குது.

அக்கா படுக்குறது அந்த 'ஸ்டோரு'லதான்னு எனக்கு உடனே புரிஞ்சிருச்சு. உங்களுக்கும் புரியும். வெல்ஃபேர் உதவி வாங்குற வீட்டுல ஏர்கோன் இருக்குன்னு எவனாச்சும் எழுதிட்டா, அடுத்த மாசம் உதவிய நிறுத்திருவாங்கன்னு ஒரு பயம். நிறுத்துவாங்களா மாட்டாங்களான்னு எனக்குத் தெரியாது, அக்காவுக்கும் தெரியாது. ஆனா பயம் இருக்கு. எங்க அப்பா அந்தக் காலத்துல தோட்டத்துக் கணக்கப்புள்ள, அந்தக் கிராணி வர்றாருன்னா ரேடியோப் பெட்டிய கோழிக்கூண்டுக்குள்ள ஒளிச்சு வச்ச ஆளு. கோழியெல்லாம் செய்தி கேட்டுச்சு. அந்தப் பரம்பரையில வந்தவன் நான். காட்டிக் குடுப்பனா?

கை கழுவிட்டு வந்தேன். அக்கா என் மூஞ்சியப் பாத்தாங்க. நான் அவங்க மூஞ்சியப் பாத்தேன். "கீரை நல்லா வந்திருக்குக்கா"ன்னு சொன்னேன். அவங்களுக்கு உயிரு வந்துச்சு. போராங்குல 'படுக்கும் இடம்: ஹால்'னு எழுதுனேன். தப்புத் தப்பா எழுதுற எனக்கு அன்னைக்கு கையெழுத்து அவ்வளவு அழகா வந்துச்சு.

வேன்ல ஏறும்போது எனக்கு நெஞ்சு நிமிந்திருச்சு. பெரிய உதவி பண்ணிட்ட மாதிரி.

மூணு மாசம் ஆச்சு. கப்ப எடுத்து லேப்புக்கு அனுப்புனோம். ரிசல்ட்டு வந்துச்சு, ரொம்ப கம்மி. வராம என்ன? எல்லாக் கதவும் தொறந்து கெடக்குற ஹாலு. அந்த நம்பர் ஜெராய் மலை உச்சிக்கும் பொருந்தும். கடுதாசிய எடுத்துக்கிட்டு நானே போனேன். "வீடு சுத்தமா இருக்குக்கா, கவலப்படாதீங்க"ன்னு சொன்னேன்.

அக்காவுக்கு சந்தோஷம் தாங்கல. அந்த சந்தோஷத்துல என்னைய சொந்தக்காரனாக்கிட்டாங்க. கையப் புடிச்சு, "வா தம்பி, உனக்கு ஒன்னு காட்டணும்"னு திரைய விலக்கி அந்த ரூமத் தொறந்தாங்க.

ஐஸ் பெட்டிக்குள்ள தலைய விட்ட மாதிரி இருந்திச்சி. தரையில ஒரு மெத்தை. முட்டி வலி, கட்டில்ல ஏற முடியாதாம். மெத்தைக்கு நேர் மேல ஏர்கோன். நான் பாத்தது அதெல்லாம் இல்ல. ஜன்னலச் சுத்தி சிலிக்கோன். ஜன்னலுக்கு மேல இருக்கிற காத்து ஓட்டை அத்தனையும் பிளைவுட்டால அடச்சிருக்கு. கதவுக்கு அடியில ரப்பர். கூரையோரம் ஃபோம் அடிச்சிருக்கு. ஊசி போற சந்து கூட இல்ல.

"பையன் செஞ்சான் தம்பி. காடு எரிஞ்சு புகைமூட்டம் வந்த வருஷம் நான் இருமி இருமி செத்தேன். லீவுல வந்தான், ரெண்டு நாளு சோறு தண்ணி இல்லாம ஒக்காந்து இத செஞ்சிட்டுப் போனான். இங்க பாரு, இந்தக் கோட்ட எவ்வளவு நேரா இழுத்திருக்கான்."

சிலிக்கோன விரலால தடவிக் காட்டுனாங்க. அவன் கட்டவெரலால அழுத்தி இழுத்த ரேகை கூட அதுல பதிஞ்சிருக்கு. அவங்க விரலு அந்த ரேகை மேலயே போயிட்டு வந்துச்சு. அது நாலு வருஷத்துக்கு முன்னாடி. அதுக்கப்புறம் பையன் வரல. வேலை, பெர்மிட்டு, அங்கயே கல்யாணம், கொழந்தை. போன்ல மட்டும் பேசுவான்.

நான் கீழ பாத்தேன். மெத்தை ஓரத்துலேருந்து சுவரு வரைக்கும் தரையில ஒரு வெடிப்பு போகுது. பூமிக் காத்து வீட்டுக்குள்ள ஏறி வர்ற வழியே அதான்.

அப்பயே சொல்லியிருக்கணும்லா. "அக்கா, நான் தப்புப் பண்ணிட்டேன், கப்ப இங்க வச்சிருக்கணும்"னு. ஒரே ஒரு வாக்கியம். நான் என்ன பண்ணுனேன் தெரியுமா? "தாஜ்மஹாலு மாதிரி இருக்குக்கா"ன்னு ஜோக் அடிச்சிட்டு, இன்னொரு கோப்பி குடிச்சிட்டு வந்துட்டேன். வாய் இருக்கிறவனுக்கு இதான் வியாதி. தேவையானது வெளிய வராது, மத்ததெல்லாம் வரும்.

ஒம்போது நாளு தூங்கல. என் பொண்டாட்டி நான் எங்கயோ சின்ன வீடு வச்சிருக்கேன்னு முடிவு பண்ணிட்டா. பத்தாவது நாளு ஆபிசுல மேடம் முன்னாடி போயி நின்னு எல்லாத்தையும் கொட்டுனேன். சாக்கு, ஏர்கோன், கீரை, தாஜ்மஹாலு, எல்லாம்.

மேடம் திட்டுவாங்கன்னு நெனச்சேன். திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். அவங்க போராங்க எடுத்து ரொம்ப நேரம் பாத்தாங்க.

"அண்ணே, நீங்க அவங்க மானத்தக் காப்பாத்துனீங்க. அதுக்காக ஒரு சுத்தமான பொய்ய லேப் ரிசல்ட்டா மாத்தி, நம்ம தலைப்பு போட்ட பேப்பர்ல அவங்க கையில குடுத்துட்டீங்க. இப்ப அவங்க அந்த ரூம முன்ன விட நம்புறாங்க."

புதுக் கப்பு ஒன்ன எடுத்து மேசையில வச்சாங்க. "நானும் வரட்டுமா, நீங்களே போறீங்களா?"ன்னு கேட்டாங்க. நானே போறேன்னு சொன்னேன். நாங்க எழுதுறது எதுவும் வெல்ஃபேருக்குப் போகாதுன்னு அன்னைக்குத்தான் எனக்கே தெரியும். மொத நாளே கேட்டிருந்தா அதச் சொல்லித்தான் அந்த ரூமுக்குள்ள போயிருக்கலாம். கேக்கல. எனக்கு எல்லாம் தெரியுமே.

அக்காகிட்ட போயி உக்காந்து சொன்னேன். குசுக் கதை எதுவும் சொல்லல. நான் ஏர்கோன அன்னைக்கே பாத்துட்டேன், தெரிஞ்சேதான் ஹால்ல வச்சேன், அந்தப் பேப்பரு இந்த ரூமுக்குச் சேராதுன்னு சொன்னேன். அக்கா கேட்டுக்கிட்டே இருந்தாங்க. கடைசியில, "அப்ப என் புள்ள கட்டுன ரூமுல விஷம்ங்குறியா?"ன்னாங்க.

"இன்னும் தெரியாதுக்கா. வச்சுப் பாத்தாத்தான் தெரியும்."

"அவன் எனக்கு நல்லதுதான் செஞ்சான்."

"ஆமாக்கா. நல்லதுதான் செஞ்சான்."

மெத்தைக்குப் பக்கத்துல ஸ்டூலு மேல கப்ப வச்சேன். வழக்கமா எப்படி இருப்பீங்களோ அப்படியே இருங்கன்னு சொல்லிட்டு வரணும், நம்ம வேலையில அதான் சட்டம். ஜன்னலத் தொறங்கன்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. வெளிய வந்து மேடம்கிட்ட கேட்டேன். இது வருஷக்கணக்குல சேர்ற ஆபத்து, மூணு மாசத்துல தலைகீழா மாறிடாது, உண்மையான நம்பர் இல்லாம அந்தம்மாகிட்ட எதயும் பிரிக்கச் சொல்ல முடியாதுன்னாங்க. சரிதான். ஆனா அந்த மூணு மாசமும் செமிலிங் வழியா போகும்போதெல்லாம் அந்த வரிசையப் பாக்காம ரோட்டப் பாத்தே வேன் ஓட்டுனேன்.

ரிசல்ட்டு வந்துச்சு. இதத் தாண்டுனா ஆபத்துன்னு போட்டு வச்சிருக்கிற கோட்டுக்கு மேல. கொஞ்சம் இல்ல, நல்லாவே மேல.

போயி சொன்னேன். காத்து ஓட்டையத் தொறக்கணும், சிலிக்கோன அறுத்து ஜன்னலத் தொறக்கிற மாதிரி பண்ணணும், தரை வெடிப்ப அடைக்கணும், ஒரு நாளு வேலை, நானே செஞ்சு குடுக்குறேன்னு சொன்னேன். அக்கா என் பேச்ச முழுசா கேட்டாங்க. அப்புறம் ரூமு வாசல்ல போயி நின்னாங்க, கடைக்கு ஷட்டர் எறக்குற மாதிரி.

"யாரும் கை வைக்கக் கூடாது."

"அக்கா, உடம்புக்கு..."

"கட்டுனவன் வந்து பிரிக்கட்டும். அதுவரைக்கும் நான் இங்கதான் படுப்பேன்."

அப்பத்தான் எனக்கு முழுசா உறைச்சுது. அந்த அக்காவுக்கு நம்பரு நல்லாவே புரிஞ்சிருக்கு. என்னைய விட நல்லா புரிஞ்சிருக்கு. நாலு வருஷமா போன்ல வா வான்னு கூப்புட்டு வராத புள்ளையக் கூப்புட, இப்ப ஒரு காரணம் கெடச்சிருக்கு. அந்தக் காரணத்த நான் சிலிக்கோனு மாதிரி அறுத்து எறிஞ்சிட்டுப் போறதுக்கு அவங்க விடுவாங்களா?

சரவணன் நம்பர அக்காவே குடுத்தாங்க. காலண்டர்ல பெரிசா எழுதி வச்சிருந்தாங்க. வெளிய வந்து வேனுக்குள்ள உக்காந்து யோசிச்சேன். ஒரே வார்த்த போதும். 'உங்க அம்மாவுக்கு மூச்சு முட்டுதுப்பா'ன்னா மறுநாளு காலையில வந்து நிப்பான். நம்ம ஜனங்க எல்லாரும் இப்படித்தான் புள்ளைங்களக் கூப்புடுவாங்க. என் அம்மா எனக்கு எத்தன தடவ செத்துப் பொழச்சிருக்கு தெரியுமா.

அவனுக்குப் போன் பண்றதுக்கு முன்னாடி மேடத்துக்கு அடிச்சேன், அதுதான் நான் செஞ்ச ஒரே புத்திசாலித்தனம். அவங்க சொன்னது இன்னைக்கும் காதுல இருக்கு. "வேணாம்ண்ணே. நம்பரக் காட்டி யாரையும் மிரட்டக் கூடாது. ஒரு தடவ நல்லதுக்குன்னு கம்மியா சொன்னீங்க. இப்ப நல்லதுக்குன்னு ஜாஸ்தியா சொல்லப் போறீங்களா?"

அதனால அவனுக்கு உள்ளத உள்ளபடி சொன்னேன். இன்னைக்கு நாளைக்கு ஒன்னும் ஆகாது, ஆனா அப்படியே விட்டா நல்லதில்ல, அம்மா வேற யாரையும் கை வைக்க விட மாட்டேங்குறாங்கன்னு சொன்னேன். அந்தப் பக்கம் பட்டறை சத்தம், இரும்பு அடிக்கிற சத்தம். அப்புறம் கேட்டான்.

"புகை வரக் கூடாதுன்னுதானே அண்ணே அடச்சேன்?"

"தெரியும்பா. நல்லாத்தான் அடச்சிருக்க. ரொம்ப நல்லா அடச்சிட்ட, அதான் பிரச்சனை."

"நான் பக்கத்துல இல்ல. ரூமாச்சும் நல்லா இருக்கட்டும்னு..."

முடிக்கல. நானும் ஜோக் ஏதும் அடிக்கல. என் ஆயுசுல அப்படி நடக்குறது அபூர்வம்.

அடுத்த வாரம் வந்தான். சனிக்கெழமை காலையில சுங்கை பட்டாணி பஸ் ஸ்டேஷன்ல நான்தான் ஏத்திக்கிட்டு வந்தேன். நல்ல உயரம், முடி கொஞ்சம் கொட்டியிருக்கு. வீட்டுல எறங்குனப்போ அக்கா ஓடி வரல, அழல. "சாப்டியா"ன்னு கேட்டுட்டு அடுப்படிக்குப் போயிட்டாங்க. ஆனா இட்லி, இடியப்பம், தோசை, கோழிக் கறி, நெத்திலி சம்பலு எல்லாம் ஒரே வேளைக்கு செஞ்சிருந்தாங்க. எந்தப் பக்கத்துலேருந்து சாப்புடுறதுன்னு தெரியாம நானும் அவனும் முழிச்சோம்.

வேலைக்கு உக்காந்தோம். அவன் சிலிக்கோன அறுத்தான், நான் பிளைவுட்டக் கழட்டுனேன். அக்கா ரூமு வாசல்ல பிளாஸ்டிக் நாற்காலியப் போட்டு உக்காந்துக்கிட்டாங்க. ஜன்னலப் பாக்கல. அவனையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. அவன் வேகமா வேலை செஞ்சா, "மெதுவா செய்யி, என்ன அவசரம்"பாங்க. மத்தியானத்துக்குள்ள முடியுற வேலை. அதுக்குள்ள குழாய் ஒழுகுதுன்னாங்க. வாசக்கதவு கீல் சத்தம் போடுதுன்னாங்க. கொல்லைப்புறம் துணிக்கொடி தொங்குதுன்னாங்க. எல்லாம் நேத்து வரைக்கும் நல்லா இருந்ததுதான். சரவணனும் ஒவ்வொன்னா எல்லாத்தையும் செஞ்சான். காத்து ஓட்டை தொறந்தப்போ மலைப்பக்கத்துக் காத்து உள்ள வந்து திரைய ஆட்டுச்சு. தரை வெடிப்ப நான் பூசுனேன். சாக்க அவன் எடுத்து எறிஞ்சான்.

ஞாயித்துக்கெழம சாயங்காலம் பஸ்ஸுக்குக் கெளம்புனான். கூடவே மூணு டப்பாவுல சாப்பாடு. அந்த பஸ்ஸு டிரைவருக்கும் அடுத்த சீட்டுக்காரனுக்கும் சேத்துதான் அக்கா கட்டியிருப்பாங்க போல.

திங்கக்கெழம நான் போயி மூணாவது கப்ப வச்சேன். வேலைக்கப்புறம் நம்பரு எறங்கியிருக்கான்னு பாக்கணும், இல்லன்னா வேலை முடிஞ்சதா அர்த்தம் இல்ல. அக்கா கப்பையே பாத்துக்கிட்டு இருந்தாங்க.

"இது நல்லா வந்திருச்சின்னா என்னா தம்பி?"

"அவ்வளவுதான்க்கா. வேலை முடிஞ்சிரும்."

"ஓ"ன்னாங்க. அந்த ஓ எனக்குப் புடிக்கல.

மூணு மாசம் கழிச்சு கடுதாசி வந்துச்சு. நம்பரு கோட்டுக்கு நல்லா கீழ. மேடம் எங்கிட்ட குடுக்கும்போதே சிரிச்சாங்க. கவர ஒட்டி எடுத்துக்கிட்டு பெரிய மனுஷன் மாதிரி போனேன். அக்கா அந்த ரூமுல, தொறந்த ஜன்னலுக்குப் பக்கத்துல ஒக்காந்து கீரை ஆஞ்சிக்கிட்டு இருந்தாங்க. நான் வாயத் தொறக்கிறதுக்குள்ள கைய நீட்டிட்டாங்க.

"சொல்லாத தம்பி."

"அக்கா, இது..."

"நல்லா இருந்தா அவன் வர மாட்டான். மோசமா இருந்தா அவன் அங்க தூங்க மாட்டான். எதுவும் சொல்லாத."

இப்ப நீங்க இருந்தா என்ன செய்வீங்க? ரிசல்ட்டச் சொல்ல வேண்டியது நம்ம கடமை. கேக்க மாட்டேங்குறது அவங்க உரிமை. என் நிலைமையப் பாருங்க. அந்த வீட்டுல நான் ஒரு பொய்ய எழுதிட்டேன், இன்னொரு பொய்யச் சொல்லப் பாத்துட்டேன். மூணாவதா என்ன பண்ணாலும் நெஜமா இருக்கணும்னு மட்டும் முடிவு பண்ணுனேன்.

"சரிக்கா. கடுதாசிய எப்ப வேணும்னாலும் பிரிங்க. ஆனா ஜன்னலு மட்டும் எப்பவும் தொறந்தே இருக்கணும். புகைமூட்டம் வந்தா எங்கிட்ட சொல்லுங்க, அதுக்கு வேற வழி பண்ணலாம். இத மட்டும் சத்தியம் பண்ணுங்க. இன்னொன்னு, பயப்படுற மாதிரி ஏதாச்சும் இருந்தா நான் இங்க உக்காந்து உங்ககிட்ட கோப்பி கேப்பனா?"

அக்கா என்னையப் பாத்து லேசா சிரிச்சாங்க. அவங்களுக்குத் தெரிஞ்சிருச்சு. கவர வாங்கி, பிரிக்காம, ஜன்னல் கம்பியில சொருகி வச்சாங்க. அப்புறம் கோப்பி கலக்கப் போனாங்க.

ஒரு வாரத்துல சரவணன் போன் பண்ணான். அம்மாகிட்ட கேட்டா இன்னும் பாக்கலன்னு சொல்றாங்களாம். "ரிசல்ட்டு என்னாண்ணே?"ன்னு கேட்டான்.

ரிசல்ட்டு வீட்டுக்காரங்களோடது, அவங்க சம்மதம் இல்லாம புள்ளைக்குக் கூட சொல்லக் கூடாது. ரூல் புத்தகத்துல இருக்காம், மேடம் சொல்லியிருக்காங்க. நான் அந்தப் புத்தகத்தத் தலைக்கு வச்சுத் தூங்கியிருக்கேனே தவிர தொறந்து பாத்ததில்ல. அன்னைக்கு மொத தடவையா அந்த ரூல நெஞ்சார மதிச்சேன்.

"நான் சொல்லக் கூடாதுப்பா. பயப்படாத, பயந்துக்கிட்டு ஓடி வர வேண்டியதில்ல. ஆனா அந்தக் கடுதாசி உங்க அம்மா ரூமு ஜன்னல் கம்பியில சொருகியிருக்கு. யாரும் பிரிக்கல. உனக்காக வச்சிருக்காங்க."

இந்தத் தடவ பட்டறை சத்தம் இல்ல. பின்னால ஒரு கொழந்த ஏதோ பாடிக்கிட்டு இருந்திச்சி. சரவணன் சிரிச்சானா, மூக்க உறிஞ்சினானா, எனக்குத் தெரியல.

"அந்த ஜன்னலு தொறந்துதானே இருக்கு, மழை பெஞ்சா சாரல் அடிக்கும்"னு சொன்னான். "கடுதாசிய உள்ள எடுத்து வைக்கச் சொல்லுங்கண்ணே. நான் வர்ற வரைக்கும் நனையாம இருக்கட்டும்."